அக்கரையில் பதிவான பிள்ளை

தண்ணீர் வாரியத்தில் அவளுக்குக் காதம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. வேலை அப்படி. குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஆளுயர இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மேல் நுனியில் இருக்கும் கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் சீறினால் ஒரு சத்தம், சொட்டினால் இன்னொரு சத்தம், ஒன்றுமே இல்லையென்றால் பஸ் போகிற சத்தம். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறாள். "இங்க தோண்டு" என்று செருப்பு நுனியால் கோடு போட்டால் அங்கே தோண்டுவார்கள். கசிவு அங்கேதான் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்குத் தன் அம்மாவைப் பெற்ற தாத்தா எந்த வீட்டில் பிறந்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

தாத்தாவோடு பிறந்தவர்கள் மொத்தம் நாலு ஆண்கள். தாத்தா கடைசி. மூத்த மூன்று பேரும் ஆற்றுக்குக் கிழக்கே, மூன்றாம் வார்டு, படகுத்துறைத் தெரு 14-ம் எண் வீட்டில் பிறந்ததாக நகரசபைப் பதிவேட்டில் இருக்கிறது. தாத்தா மட்டும் ஆற்றுக்கு மேற்கே, ஏழாம் வார்டு, பாலத் தெரு 31-ம் எண்ணில் பிறந்ததாக இருக்கிறது. அவர்களுடைய அப்பா இறந்து, நாலு பேரும் வளர்ந்து, வேலைக்காகப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன நாளில்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. போதாக்குறைக்கு, தாத்தா பிறந்த சமயத்தில் பெரிய பையன்கள் மூவரையும் பத்து நாள் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் குழந்தை. பெற்றோர் பேர் நாலு பதிவிலும் ஒன்றுதான்; எடுத்து வளர்ப்பவர்கள் தங்கள் பேரைத்தானே கொடுப்பார்கள் என்றார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? அக்கரையிலிருந்து எடுத்து வந்து வளர்த்த பிள்ளை என்று பேச்சாகிவிட்டது. சொந்தத்தில் இன்றைக்கும் காதம்மாவின் அம்மா வழிக்கு "அக்கரை வீடு" என்றுதான் பேர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க லிஸ்ட் எழுதும்போதுகூட "அக்கரைக்கு ரெண்டு" என்றுதான் எழுதுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் மாமா வந்தார். தாத்தாவின் மூத்த அண்ணனுடைய மகன். காதம்மாவின் அம்மாவுக்கு அண்ணன் முறை. கணக்கு வாத்தியாராக இருந்து ஹெட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாக உட்கார்ந்து குடும்ப வரலாறு எழுதி, வம்ச வரைபடத்தோடு புத்தகமாகப் போடுகிறார். கையில் அச்சகத்துப் புரூஃப் தாள்கள் இருந்தன.

"தங்கச்சி, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"மொதல்ல சொல்லுங்க, அப்புறம் எப்படி எடுத்துக்கறதுன்னு பாக்கறேன்" என்றாள் அம்மா.

"மூணு பேருக்கும் நேர்க்கோடு. சித்தப்பாவுக்கு மட்டும் புள்ளிக்கோடு போட்டிருக்கேன். கீழ 'வளர்ப்பு'ன்னு சின்னதா ஒரு குறிப்பு. என் மனசுல ஒண்ணுமில்ல. ஆனா பேப்பர்ல இருக்கறத விட்டுட்டு நான் எதப் போடறது?"

"எடுத்து வளத்தா என்ன கொறச்சல் மாமா?" என்றாள் காதம்மா.

"ஒரு கொறச்சலும் இல்ல. அதான் நானும் தைரியமா போட்டிருக்கேன். சனிக்கிழம மத்தியானம் பிரஸ்ல குடுக்கணும். அடுத்த வாரம் எல்லாரும் கூடறப்ப கைக்கு ஒண்ணு குடுத்துடலாம்."

மாமா காபி குடித்துவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அந்த டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"விடும்மா. அவரு அப்படித்தான்."

"அவர ஒண்ணும் சொல்லல. எங்கப்பா ஒரு தடவ அவங்கம்மாகிட்ட நேராவே கேட்டுட்டாராம், நான் யார் புள்ளன்னு. 'அதே வீட்டுல, அதே கட்டில்லதான் நாலு பேரையும் பெத்தேன்'னாங்களாம். பேப்பர்ல வேற மாதிரி இருக்கேன்னாராம் இவரு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தம்மா, அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எங்கப்பாகிட்ட வேண்டியதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு, பேப்பர நம்புறதா பெத்தவள நம்புறதான்னு. எனக்கு எழுபத்திநாலு ஆச்சு. இப்ப அதையே அச்சடிச்சு என் கையிலயும் ஒண்ணு குடுப்பாங்களாம்."

அம்மா அழவில்லை. குரல் மட்டும் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அந்த மாதிரிச் சத்தத்தைக் காதம்மாவால் அலட்சியம் பண்ண முடியாது.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கும்மா" என்றாள். "கண்டுபிடிச்சுடலாம்."

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நகரசபைப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். தூசுக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். காதம்மா ஏழாம் வார்டு பதிவேட்டை வாங்கி, பாலத் தெரு 31-ல் வேறு எந்தப் பெண்ணாவது அந்த வருஷம் பிள்ளை பெற்றாளா, அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று தேடினாள். தாத்தாவின் பதிவைத் தவிர அந்த எண்ணில் வேறு பிரசவமே இல்லை. சரி, இடத்தையாவது பார்ப்போம் என்று பாலத் தெருவுக்குப் போய் 31-ம் எண்ணுக்கு முன்னால் நின்றாள். டயர் கடை.

"யாரத் தேடறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எங்க தாத்தாவ."

"டயர் மாத்த வந்தாரா?"

"நூறு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப வாரண்டி முடிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் உள்ளுக்குள் உறைத்தது. நூறு வருஷத்துக்கு முந்தின எண்ணை எடுத்துக்கொண்டு இன்றைக்குச் சுவரில் ஆணி அடித்திருக்கிற பலகையைத் தேடியது முட்டாள்தனம். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கிற நாம் இதைச் செய்யலாமா? போன வாரம்கூட ஒரு தெருவில் பழைய எண், புது எண் குழப்பத்தில் வேறு ஒருத்தர் வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம்தானே?

புதன்கிழமை வேலை. ஒரு சலவைக் கடையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஊறுகிறது, குழாய் உடைந்திருக்கிறது என்று புகார். கூட வந்தவர் ஸ்பானர். அதுவும் பட்டப்பெயர்தான், அவர் சாப்பிடப் போனாலும் பாக்கெட்டில் ஸ்பானர் இருக்கும். காதம்மா கடை வாசலில் நாலு இடத்தில் கம்பியை ஊன்றிக் கேட்டாள். கீழே கல்லுக்குள் வைத்த மாதிரி அமைதி. ஸ்பானர் கீழ்த்தளத்துத் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம் மாறவில்லை. குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினுக்கு மஞ்சளாகும்.

"நம்ம தண்ணி இல்லக்கா. ஊத்துத் தண்ணி. கடைக்காரர் நம்பவே மாட்டாரு, நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு கத்தப் போறாரு."

"கத்தட்டும். மேப்ப எடு."

வேனின் முன்பக்கத்தில் குழாய் வரைபடத்தை விரித்தார்கள். அந்தப் பகுதியில் பட்டையாகக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு "நிரப்பு மண்" என்று எழுதியிருக்கும். பள்ளத்தைத் தூர்த்த அந்த மண் இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் இணைப்புகள் விட்டுப் போகும். வருஷத்தில் பாதி வேலை அந்தப் பட்டையில்தான். இருபத்தாறு வருஷமாக அந்தப் பட்டையைத் திட்டியிருக்கிறாள். ஆனால் அதன் உருவத்தை மொத்தமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. எப்போதும் ஒரு தெரு, ஒரு முனை, ஒரு பள்ளம், அவ்வளவுதான். இன்றைக்கு என்னவோ விரலை வைத்து ஒரு கோடியிலிருந்து இழுத்தாள். வடக்கே ஆற்றில் ஆரம்பித்தது. வில் மாதிரி மேற்கே வளைந்து போய், சலவைக் கடையைத் தொட்டு, திரும்பி வந்து தெற்கே ஆற்றிலேயே முடிந்தது. வில் அது என்றால், இப்போது ஓடுகிற ஆறு நாண் மாதிரி நேராக இருந்தது. வில்லுக்கும் நாணுக்கும் நடுவில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு தெரு. பாலத் தெரு.

"ஸ்பானரு."

"சொல்லுக்கா."

"ஆறு இந்தப் பக்கமா ஓடிச்சுய்யா. வளைவா ஓடினத நேரா வெட்டி விட்டிருக்காங்க."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதான மண்ணு எறங்குது."

"எல்லாருக்கும் தெரியும். நான்தான் அத எங்க தாத்தாவோட சேத்துப் பாக்கல."

ஸ்பானருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் தாத்தாவும் குழாய் வேலையா என்று கேட்டார். காதம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மேற்கே வளைந்து ஓடியபோது அந்தத் தெரு ஆற்றுக்குக் கிழக்கே இருந்தது. ஆற்றைத் தெருவின் கிழக்குக் கோடிக்கு மாற்றியதும் அதே தெரு ஆற்றுக்கு மேற்கே ஆகிவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஆறுதான் அக்கரைக்குப் போயிருக்கிறது.

ஊகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊகத்துக்குத் தோண்டினால் ரோடு நாசமாகும் என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை நகர நூலகத்துக்குப் போய், நகரசபையின் பழைய ஆண்டறிக்கைகளைக் கேட்டாள். நூலகர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மத்தியானம் மூன்று மணி வரை புரட்டினாள். கிடைத்தது.

புதுக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டது ஒரு மார்ச் மாதம் நாலாம் தேதி. தாத்தா பிறந்தது அதே வருஷம் ஏப்ரல் இருபத்தைந்து. ஏழு வாரம்தான் இடைவெளி. மூன்றாவது அண்ணன் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். வார்டுகளுக்கு ஆறுதான் எல்லை என்பதால், கால்வாய் திறந்த நாளிலிருந்து நடுவில் இருக்கும் தெருக்கள் மூன்றாம் வார்டிலிருந்து ஏழாம் வார்டுக்கு மாறுகின்றன என்று ஒரு தீர்மானம். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: படகுத்துறை கிழக்கே புதுக் கரைக்கு மாறிவிட்டதால் அந்தப் பெயரை அங்கே போடுகிற புதுத் தெருவுக்கு வைப்பது, பழைய படகுத்துறைத் தெருவை, புதுப் பாலத்தில் போய் முடிவதால், பாலத் தெரு என்று அழைப்பது. வீட்டு எண்கள் வழக்கம்போல ஆற்றங்கரைக் கோடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் நாற்பத்து நான்கு வீடுகள், எல்லாம் ஒரே வரிசை. எதிர்ப்பக்கம் மரக்கிடங்கின் மதில்.

காதம்மா பென்சிலை எடுத்தாள். முன்பு ஆறு மேற்குக் கோடியில். அங்கிருந்து பதினாலாவது வீடு. இப்போது ஆறு கிழக்குக் கோடியில். இந்தப் பக்கமிருந்து எண்ணினால் அதே வீடு முப்பத்தொன்று. பதினாலும் முப்பத்தொன்றும் நாற்பத்தைந்து. எந்த வீட்டை எடுத்தாலும் பழைய எண்ணையும் புது எண்ணையும் கூட்டினால் நாற்பத்தைந்து வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பதிவு அலுவலகம்.

"மேடம், மறுபடியுமா? உங்களுக்கு இங்க ஒரு நாற்காலி பேர் எழுதி வச்சுடறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார் ஜலதோஷக்கார அம்மா. "இன்னிக்கு யாரு?"

"எங்க ஆளுங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரங்க வேணும்."

"பக்கத்து வீட்டு வம்பா? அப்ப நானும் உக்காந்துக்கறேன்."

இரண்டு பேருமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கையில் மூன்றாம் வார்டு, இன்னொருத்தர் கையில் ஏழாம் வார்டு. பழைய 13-ல் கடிகாரம் பழுது பார்ப்பவர் குடும்பம், ஒரு பெண் குழந்தை. புது 32-ல் அதே கடிகாரக்காரர், அதே மனைவி, ஒரு ஆண் குழந்தை. பதிவேட்டு அம்மா மேஜையைத் தட்டினார். பழைய 9-ல் ரொட்டி சுடுபவர். புது 36-ல் அவரே. பழைய 20-ல் தபால்காரர்; புது 25-ல் அவரே. பழைய 5-ம் எண்காரர் மட்டும் 40-ல் இல்லை, 22-ல் இருந்தார். வீடு மாறியிருப்பார், மாறக் கூடாதா என்ன? காதம்மா அதையும் ஒளிக்காமல் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேஜை முழுக்கப் புரூஃப் தாள். மேலே அட்டைப்படம்: தூண் வைத்த அழகான மாடி வீடு, அதன் வாசலில் மாமா மார்பில் கை கட்டி நிற்கிறார். கீழே "எங்கள் பூர்வீக இல்லம், படகுத்துறைத் தெரு 14".

காதம்மா குழாய் வரைபடத்தை அதன் மேலேயே விரித்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமா கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"எங்கப்பாவுக்கு அப்ப ஏழு வயசு. ஆறு மாறினது அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும் மாமா. ஆறு மாறினது தெரியும். அதனால வீட்டோட வார்டு மாறினது ஏழு வயசுப் பையனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷத்துல அந்த வீட்டையே காலி பண்ணிட்டாங்க. சர்டிபிகேட் எடுக்கறப்ப இருபது வருஷம் ஆயிடுச்சு. பேப்பர்ல அக்கரைன்னு இருந்தா, இன்னிக்கு அக்கரை எதுவோ அதத்தான நெனப்பாங்க?"

"பதினாலு முப்பத்தொண்ணாச்சுன்னு நீ சொல்ற. தற்செயலா பொருந்தியிருக்கலாம் இல்ல?"

"அதனாலதான் பக்கத்து வீடெல்லாம் எடுத்தேன். நீங்களே கூட்டிப் பாருங்க."

கணக்கு வாத்தியாரிடம் கணக்கைக் கொடுத்தால் விடுவாரா? பேனாவை எடுத்து ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டினார். நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. 5-ம் எண் வந்ததும் நிமிர்ந்தார்.

"இது உதைக்குதே. இருபத்தேழுதான வருது?"

"உதைக்குது. அந்த ஆளு வீடு மாத்தியிருக்காரு. மறைக்கணும்னா அத எழுதாமலே விட்டிருப்பேனே."

மாமா அந்த ஒன்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதைவிட அதுதான் அவரை நம்ப வைத்தது என்று காதம்மாவுக்குத் தோன்றியது. சரியாக வராத விடையையும் அடிக்காமல் வைத்திருக்கிற பிள்ளையை எந்த வாத்தியாருக்குத்தான் பிடிக்காது? அப்புறம் மெதுவாக அவர் பார்வை அட்டைப்படத்துக்குப் போனது.

"இப்ப இருக்கற படகுத்துறைத் தெரு..."

"ஆத்த வெட்டினதுக்கு அப்புறம் போட்ட தெரு மாமா. பேரு மட்டுந்தான் பழசு."

"அப்ப இந்த வீடு?"

"யாரோட வீடோ."

 அம்மா படத்தைக் கையில் எடுத்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஊரான் வீட்டு வாசல்ல என்னமா நிக்கறீங்கண்ணா. வீட்டுக்காரன் ஒண்ணும் சொல்லலயா?"

"தண்ணி குடுத்தான் தங்கச்சி" என்றார் மாமா பரிதாபமாக. "பூர்வீக வீடுன்னு சொன்னேன். உள்ள கூட்டிட்டுப் போய் மாடியெல்லாம் காட்டினான்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமாதான் கடைசியில் சிரிக்க ஆரம்பித்தார், கடைசியில் நிறுத்தியவரும் அவர்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தார். அட்டைப்படத்தின் மேல் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. வரைபடத்தில் தாத்தாவின் பெயருக்கு மேலிருந்த புள்ளிகளின் மேல் அளவுகோலை வைத்து, அழுத்தமாக ஒரே இழுப்பாக நேர்க்கோடு போட்டார். 'வளர்ப்பு' என்ற சொல்லை அடித்தார்.

"தங்கச்சி, இத்தன வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்கண்ணா. நீங்க ஆரம்பிச்ச பேச்சா? பேப்பர் சொன்னத நம்பினீங்க. எங்கப்பாவும்தான் நம்பினாரு." அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்கம்மா எங்க இருக்காங்க இதுல?"

மாமா விரலால் காட்டினார். நாலு பிள்ளைகளுக்கும் மேலே ஒரு கட்டம். அதில் தாத்தாவுடைய அப்பாவின் பெயர், தொழில், பிறந்த வருஷம், இறந்த வருஷம், நாலு வரி பெருமை. ஓரத்தில் "மனைவி" என்ற ஒரு சொல்லும் பேரும்.

"இவ்வளவுதானா?"

"வேற என்ன தெரியும் அவங்களப் பத்தி? பேப்பர்ல ஒண்ணுமே கிடைக்கல."

"இப்ப கிடைச்சிருக்கே. எழுதுங்க."

மாமா பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா மகளைப் பார்த்தாள். காதம்மா அம்மா பக்கமே கையைக் காட்டினாள். இது அம்மா சொல்ல வேண்டியது.

"நாலு பிள்ளைங்களையும் ஒரே வீட்டுல பெத்தவங்கன்னு எழுதுங்க. கேட்டப்ப உண்மையச் சொன்னவங்கன்னும் எழுதுங்க."

"ரெண்டாவது வரி சரித்திரத்துல வருமா தங்கச்சி?"

"ஏன் வராது? ஆதாரம் அதோ மேஜை மேல விரிச்சுக் கெடக்கு."

மாமா எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை கேட்கும்போது தலையை லேசாக ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு நல்ல மார்க் என்று கேள்விப்பட்ட தாய் ஆட்டுகிற மாதிரி.

"அட்டைக்கு என்ன பண்றது? மத்தியானம் குடுக்கணுமே" என்றார் மாமா.

"அட்டையில ஒண்ணும் வேண்டாம். புத்தகத்தோட பேரு மட்டும் போடச் சொல்லுங்க" என்றாள் அம்மா. எழுந்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அண்ணன் கையில் கொடுத்தாள். "வாங்க, பிரஸ்ஸுக்கு நானும் வரேன். அந்தக் கோட்ட அவங்க நேராப் போடறாங்களான்னு நான் பாக்கணும்."